தந்தை மாற்றத்துக்கான காரணம்: திருமணம்

நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல் உண்டு. புள்ளி வைத்த ஒற்றை எழுத்துக்குள் தகப்பனாரை அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வங்கி என்று எல்லா இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தோம். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் அந்தப் புள்ளிக்குள் மடங்கிக் கிடந்த தகப்பனார் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் நிரப்புவது குடிமக்களின் கடமை. ஆகவே வினிதாவின் பாஸ்போர்ட்டில் பெயர் வினிதா, குடும்பப்பெயர் நஞ்சுண்டசாமி. வெளிநாட்டு விமான நிலையத்தில் பார்க்கிறவருக்கு நஞ்சுண்டசாமி என்பது ஒரு பழம்பெரும் வம்சம். மைசூரு மண்டி மொஹல்லாவில் அது மஞ்சள் மொத்த வியாபாரம் செய்கிற, எப்போதும் வேட்டியில் மஞ்சள் கறையோடு திரிகிற ஒரு மனிதர்.

வினிதா காது கேட்கும் திறனைச் சோதித்து, கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துகிற படிப்புப் படித்தவள். நியூசிலாந்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விசாவும் வந்தது. இதற்கு நடுவில் தை மாதம் கவின்ராஜுடன் கல்யாணமும் ஆனது. மனைவியோடு போகிறவர் என்ற வகையில் அவனுக்கும் விசா கொடுத்தார்கள். இந்த இடத்தை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வேலை அவளுடையது. விசா அவளுடையது. ஒட்டிக்கொண்டு போகிறவன் அவன். நியூசிலாந்துக்காரர்கள் திருமணச் சான்றிதழைப் பார்த்தார்கள், ஜோடியாக எடுத்த படங்களைப் பார்த்தார்கள், திருப்தி அடைந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு வா என்று அந்த நாட்டில் ஓர் ஆள்கூடச் சொல்லவில்லை.

சொன்னவர் அதே மைசூருவில், அக்ரஹாரம் என்கிற பேட்டையில் இருந்தார். கவின்ராஜின் அப்பா ரத்தினசாமி. ஓர் அரசு இலாகாவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைக்கு வந்த கோப்புகளை எல்லாம் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியே நல்ல பெயர் எடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகளின் விசாத் தாளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அம்மிணி, இதுல உன்ற பேருக்குப் பொறத்தால என்ன போட்டிருக்குது?"

"எங்கப்பா பேருங்க மாமா."

"அது கல்யாணத்துக்கு முந்தி. இப்ப?"

"இப்பவும் அவருதானுங்க எங்கப்பா."

ரத்தினசாமி சிரித்தார். சின்னப் பிள்ளைகள் விவரம் தெரியாமல் பேசும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "நாளைக்கு ஊருல கேப்பாங்க கண்ணு. மருமக வேற பேருல போறா, மகன் வேற பேருல போறான், இதென்ன குடும்பம்னு."

ஊரில் யாரும் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்று வினிதா சொல்ல நினைத்தாள். ஆனால் கல்யாணம் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

கவின்ராஜுக்கும் உள்ளூர ஆசைதான். அவன் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோருடைய மனைவிமார்களும் இன்ஸ்டாகிராமில் கணவன் பெயரை வாலாகக் கட்டிக்கொண்டு உலவினார்கள். கல்யாணத்துக்கு நண்பர்கள் கொடுத்த பரிசு ஒரு மரப்பலகை. 'தி கவின்ராஜ்ஸ்' என்று செதுக்கி, உள்ளே விளக்கு எரியும்படி செய்தது. கவின்ராஜுக்குப் பன்மை உண்டு என்பது வினிதாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒரு கையெழுத்துதானே வினி. அப்பாவும் சந்தோஷப்படுவாரு."

"அப்ப நீ என் பேரை வெச்சுக்கோ. விசாவே என்னோடதுதானே?"

"அது நல்லா இருக்காது."

"ஏன்?"

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பாக்கறவங்க எதுவும் நினைக்க மாட்டாங்களா?"

"உன்னைன்னா அது நார்மல்."

இந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் பெரிய பெரிய வாதங்கள் எல்லாம் தோற்றிருக்கின்றன. வினிதாவுக்கும் பெட்டி கட்டுகிற வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆகஸ்டில் வேலையில் சேர வேண்டும். ஒரு கையெழுத்தில் வீடு அமைதியாகும் என்றால் போட்டுத் தொலைக்கலாம் என்று நினைத்தாள். அறிவாளிகள் செய்கிற தவறுகளில் இது முதன்மையானது.

சுரேந்தர் என்பவர் வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிலையம் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், மேஜையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள். அவற்றில் ஒரு கொடி எந்த நாட்டுடையது என்று அவருக்கே தெரியாது.

"ஃபேமிலி நேம் ஒண்ணா இருந்தா ஏர்போர்ட்ல கேள்வியே வராது மேடம்."

"இப்ப மட்டும் என்ன கேள்வி வந்துச்சு?"

"வரல. ஆனா வராதுன்னு கியாரண்டி இல்லையே?"

கியாரண்டி இல்லை என்று கேட்டதும் ரத்தினசாமி தலையை ஆட்டினார். கணவருடைய குடும்பப்பெயரை மனைவி எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம் என்றார் சுரேந்தர். கவின்ராஜின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ரத்தினசாமி இருந்தார். ஆகவே வினிதா ரத்தினசாமி என்று மனு தயாரானது. தன் பெயர் கடல் தாண்டிப் போவதற்கு இரண்டாவது டிக்கெட்டும் கிடைத்த மகிழ்ச்சியில் ரத்தினசாமி அன்று எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

மனு போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் பயண ஆவணப் பெயர்த் தொடர்ச்சி ஆய்வுப் பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பது சுரேந்தருக்கே அன்றுதான் தெரியும். அங்கே கெம்பையன் என்ற அதிகாரி இருந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, குரலை உயர்த்தாத சுபாவம். லஞ்சம் வாங்காதவர். வாங்கியிருந்தால் இந்தக் கதை இத்தனை நீண்டிருக்காது. பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

கெம்பையன் மனுவை வாங்கினார். முதல் வேலையாக வினிதாவின் பாஸ்போர்ட்டை எடுத்து அதன் மூலையைக் கத்தரித்தார்.

"சார், அது எதுக்கு?"

"பாருங்க மேடம், இந்தப் பேரை விட்டுடறதா மனுவுல எழுதியிருக்கீங்க. விட்ட பேர்ல பாஸ்போர்ட் எதுக்கு?"

"புதுசு வர்ற வரைக்கும்?"

"புதுசு வருமா வராதான்னு இனிமேதானே பாக்கணும்."

பிறகு நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"பழைய குடும்பப்பேரு நஞ்சுண்டசாமி. உங்க அப்பா பேரு?"

"நஞ்சுண்டசாமி."

"ஆக, உங்க விஷயத்துல குடும்பப்பேருன்னா அப்பா பேரு. சரிதானே?"

"சரி சார்."

"புது குடும்பப்பேரு ரத்தினசாமி. அப்ப அப்பா யாரு?"

வினிதா விழித்தாள். "அவர் மாமனார் சார்."

"மாமனாருக்கு இதுல கட்டம் இல்லை மேடம்."

"கல்யாணம் ஆயிடுச்சு சார். வீட்டுக்காரர் குடும்பப்பேரு அது."

"அவர் பாஸ்போர்ட்டைக் கொடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவின்ராஜ் எடுத்துக் கொடுத்தான். கெம்பையன் இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கவின்ராஜை ஒரு முறை பார்த்தார். வினிதாவை ஒரு முறை பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"இவருக்கும் அப்பா ரத்தினசாமி. உங்களுக்கும் இனிமே அப்பா ரத்தினசாமி. அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக் கொடுத்தது எந்த ஆபீஸ்?"

கவின்ராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கெம்பையன் கையமர்த்தினார். அவர் கோபப்படவில்லை, பழி சுமத்தவும் இல்லை. இருவரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், தெரியாமல் நடந்திருக்கும் என்று ஆறுதலாகவே பேசினார். சிக்கலையும் தெளிவாக விளக்கினார். கல்யாணம் ஆனதால் பெயர் மாறுகிறது. பெயர் மாறினால் கல்யாணம் செல்லாது. கல்யாணம் செல்லாவிட்டால் பெயரை மாற்றக் காரணமில்லை. "ஆனா அதெல்லாம் அடுத்த மேஜை," என்றார். "நாம முதல்ல அப்பாவை முடிச்சுக்குவோம்."

ஒரு குறிப்பாணை கிடைத்தது. 'பொருள்: தந்தை மாற்றம். காரணம்: திருமணம். மேற்படி மனுதாரரை விடுவிக்கும் தந்தையும் ஏற்கும் தந்தையும் நேரில் தோன்றி ஒப்புதல் அளிக்கும் பட்சத்தில் இம்மனு பரிவுடன் பரிசீலிக்கப்படும்.'

ரத்தினசாமி அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் சங்கீதம் கேட்கிறவருடைய களை வந்தது. "என்னமா நோட்டுப் போட்டிருக்கறான் பாரு! என்ற சர்வீசுல நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கறேன். இந்த யோசனை நமக்கு ஓடலையே!"

சுரேந்தர் மனம் தளரவில்லை. மாமனார் பெயரில்தான் தகராறு, கணவன் பெயரையே நேராகப் போட்டுவிடலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். வினிதா கவின்ராஜ். பலகைக்கும் பொருத்தமாக இருக்கும். திருத்திய மனுவோடு மறுபடி போனார்கள். கெம்பையன் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்ப கவின்ராஜ்தான் அப்பா."

"அவர் என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர் சார்," என்றாள் வினிதா.

"அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன். டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க."

"என்னன்னு வாங்கணும் சார்?" என்று கவின்ராஜ் கேட்டான். அவன் உண்மையாகவே கேட்டான். அதுதான் வினிதாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"ரெண்டு வயசுல உங்களால முடிஞ்சுதுன்னு."

மருத்துவச் சான்றிதழ் யோசனை கைவிடப்பட்டது. இதற்குள் ஜூலை வந்துவிட்டது. நியூசிலாந்து ஆஸ்பத்திரியிலிருந்து டிக்கெட் எப்போது போடுகிறாய் என்று அன்பாகக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான் யார் என்பது தற்போது பரிசீலனையில் இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படி நயமாக எழுதுவது என்று வினிதாவுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் அவகாசம் கேட்டு எழுதினாள். மாதக் கடைசி வரை காத்திருப்பதாகப் பதில் வந்தது.

கடைசியில் இரண்டு தகப்பனார்களும் கெம்பையன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நஞ்சுண்டசாமி மண்டியிலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்திருந்தார். ரத்தினசாமி இஸ்திரி போட்ட சட்டையில், சொந்தப் பேனாவோடு வந்திருந்தார். நல்ல காரியத்துக்கு இன்னொருவன் பேனாவை வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கெம்பையன் முதலில் ஏற்கும் தந்தைக்குரிய தாளை வாசித்தார். "மேற்படி வினிதா என்பவரைச் சொந்த மகளாக, ஒரு மகளுக்குரிய சகல உரிமைகளுடனும் ஏற்றுக்கொள்கிறேன்."

பேனா மூடியைக் கழற்றியிருந்த ரத்தினசாமி நிறுத்தினார். "சகல உரிமைன்னா?"

"மகளுக்கு உள்ளது எல்லாம் சார். உங்க பையனுக்குச் சமமா சொத்துல பங்கு."

"பங்குன்னா… அக்ரஹாரத்துக் கட்டடத்துலயா?"

"கட்டடம், மனை, நிலம். எது இருக்கோ அதுல."

ரத்தினசாமி பேனாவை மூடினார். கறுப்பாகிப்போன முகத்தை ஒரு நிமிஷத்தில் சரிசெய்துகொண்டார். "பேரு மட்டும் தனியாக் குடுக்கறதுக்கு வழியில்லீங்களா?"

"பேரு தனியா வராது சார். பேருன்னா அதுக்குப் பின்னாடி ஒரு ஆள். ஆளுன்னா அவருக்குப் பின்னாடி சொத்து."

"அப்படீன்னா அவசரப்பட வேண்டாமுங்க," என்றார் ரத்தினசாமி. "மருமகளுன்னா மருமகளாவே இருக்கட்டும். அதுலயும் ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா?"

இந்தப் பேச்சு எதுவும் நஞ்சுண்டசாமி காதில் விழவில்லை. அவர் தனக்குரிய தாளை வாயசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். 'எனக்கும் மேற்படி வினிதாவுக்கும் தந்தை, மகள் என்ற தொடர்பு இத்தேதியிலிருந்து இல்லை எனவும், இனி எக்காலத்திலும் அதைக் கோரமாட்டேன் எனவும்…' படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் இதுல போட்டாத்தான் நீ அங்க போக முடியுமா கண்ணு?"

வினிதா எட்டி அந்தத் தாளின் முதல் வரியைப் படித்தாள்.

"அப்படீன்னா போட்டர்றேன். தாள்ல இல்லாட்டிப் போவுது." மேஜையில் நூலில் கட்டியிருந்த அரசாங்கப் பேனாவை எடுத்தார். நூல் நீளம் போதாமல் பின்னால் இழுத்தது. பேனா தாளுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் வினிதா தாளை உருவி, நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கவின்ராஜ் ஜன்னல் வழியாக வெளியே நிறுத்தியிருந்த தன் பைக்கை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தான்.

"சார், நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"யாரு வாங்கிக்கறது?"

"நான்தான்."

"நீங்கன்னா எந்த வினிதா மேடம்? வினிதா ரத்தினசாமி இன்னும் பொறக்கல. வினிதா நஞ்சுண்டசாமியை நான் அன்னைக்கே கத்தரிச்சுட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மாதக் கடைசி வந்தது. ஆஸ்பத்திரி அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டது. எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் தெரிவிப்பதாக நல்ல மாதிரியாக எழுதியிருந்தார்கள். வினிதா அந்த மின்னஞ்சலைக் கணவனிடம் நீட்டினாள்.

"சாரி வினி," என்றான் கவின்ராஜ். "ஆனா யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

"நீ போட்ட கையெழுத்து ஏதாவது இருக்கா இதுல?"

"இல்லை."

"உன் பாஸ்போர்ட்டுல மூலை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பேசாத."

அவள் பேசாமலே படிவத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். பின்பக்கத்தில், பெயர் மாற்றத்துக்கு அனுமதிக்கத்தக்க காரணங்கள் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. திருமணம், மணமுறிவு, தத்து, துறவு. கவின்ராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"என்ன யோசிக்கறே?"

"மணமுறிவு இருக்கு. துறவு இருக்கு. இன்னைக்கு இருக்கற மனசுக்கு ரெண்டுமே பிடிச்சுத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் கவின்ராஜ் அந்த விளக்குப் பலகையைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்தான். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்த முதல் காரியம் அது. வினிதா மண்டி மொஹல்லாவுக்குப் போய்த் தகப்பனாரிடம் ஒரு விஷயம் கேட்டாள். அவர் மஞ்சள் மூட்டையின் மேல் உட்கார்ந்தபடி கேட்டுவிட்டு, "பெத்ததை எதுக்கு அம்மிணி தத்தெடுக்கோணும்?" என்றார். "வேற வழி இல்லீங்கப்பா," என்றாள்.

கெம்பையன் புதிய மனுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இது சரி. இதுக்கு விதி இருக்கு. பதிவேட்டுப்படி இவங்களுக்கு இப்ப அப்பா கிடையாது. அப்பா இல்லாதவங்களைத் தாராளமாத் தத்தெடுக்கலாம்."

கூட வந்திருந்த சுரேந்தருக்கே பொறுக்கவில்லை. "சார், தத்தெடுக்க வயசு வரம்பு உண்டே? இவங்களுக்கு இருபத்தொன்பது."

"வயசு பாக்கறது வேற இலாகா," என்றார் கெம்பையன். பிறகு நஞ்சுண்டசாமியிடம் தத்தெடுப்போருக்கான கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கினார்.

"இந்தக் குழந்தையை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"அதுவா வந்து பொறந்துச்சுங்க."

'தற்செயலாக' என்று எழுதிக்கொண்டார் கெம்பையன். "வளர்க்க வசதி இருக்கா?"

"வளத்தாச்சுங்க."

'முன் அனுபவம் உண்டு.' "குழந்தைக்கு உங்களைப் பிடிச்சிருக்கா?"

நஞ்சுண்டசாமி திரும்பிப் பார்த்தார். வினிதா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கும் புரியவில்லை. "கேட்டுச் சொல்றேனுங்க," என்றார்.

ஒப்புதல் ஆனது. நஞ்சுண்டசாமி இந்த முறை எழுத்துக் கூட்டி, பெரிதாக, கட்டத்தைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டார். கெம்பையன் எழுந்து நின்று கை கொடுத்து, "வாழ்த்துகள் சார், பொண்ணு," என்றார். நஞ்சுண்டசாமி மண்டிக்குத் திரும்பிப்போய்ப் பக்கத்துக் கடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் டீ சொன்னார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "எனக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க," என்றார்.

புதிய பாஸ்போர்ட் வந்தது. பெயர் வினிதா. குடும்பப்பெயர் நஞ்சுண்டசாமி. தந்தை வேறு வேறு என்று ஆகிவிட்டதால் கல்யாணமும் செல்லுபடியானது. ஆக, ஓர் அரசுப் பிரிவு, ஓர் ஆலோசனை நிலையம், இரண்டு தகப்பனார்கள், ஒரு கணவன் ஆகிய எல்லோரும் சேர்ந்து பல மாதம் பாடுபட்டு, ஒரு பெண்ணை அவள் ஏற்கெனவே இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இடையில் போனது அவளுடைய வேலை மட்டும்.

வேறு வேலை தேடிப் பிடிப்பதற்குள் நியூசிலாந்தில் அடுத்த குளிர்காலம் வந்துவிட்டது. அந்த நாட்டின் தென்கோடியில், ஆடுகள் அதிகமும் காதுகள் குறைவுமான ஒரு சின்ன ஊரில் ஒரு கிளினிக் அவளை எடுத்துக்கொண்டது. மறுபடி விசா, மறுபடி பெட்டி. கவின்ராஜும் கூடப் போனான். அந்த நாட்டில் இறங்கிய விமான நிலையத்தில் ஓர் அதிகாரி வெவ்வேறு குடும்பப்பெயர்கள் கொண்ட இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் பார்த்தார், முத்திரை வைத்தார், வெளியே குளிருகிறது, ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மைசூருவில் ரத்தினசாமி சொந்தக்காரர்களிடம், மருமகள் அப்பா பெயரையே வைத்துக்கொள்ளட்டும் என்று தான்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி வந்தார். "காலம் மாறிப்போச்சுங்க. நாமளும் மாறோணும்." கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள்.

நஞ்சுண்டசாமிக்கு ஒரு மகனும் உண்டு. இதுவரை அவனைப் பற்றிச் சொல்ல அவசியம் வரவில்லை. பெயர் விஜய்குமார். அடுத்த வருஷம் அவனுக்குக் கொள்ளேகாலில் பெண் பார்த்தார்கள். பெண் பல் மருத்துவர். கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு விஜய்குமாரும் கூடப் போவதாக ஏற்பாடு. நிச்சயத்துக்கு வினிதாவால் வர முடியாததால் போனில் வீடியோவைப் போட்டு, ஒரு காபி டம்ளரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தட்டு மாற்றி ஆயிற்று. தேதி குறித்து ஆயிற்று. நஞ்சுண்டசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். பட்டுக்கரை வேட்டியில் அன்று கறை ஏதும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க சம்பந்தி. தப்பா நினைக்கக் கூடாது. போறதுக்குள்ள பொண்ணோட பாஸ்போர்ட்டுல பேருக்குப் பொறத்தால எங்க பேரு வந்துட்டா நல்லாருக்குமுங்க. நாலு பேரு பாத்தா ஒரு குடும்பமாத் தெரியோணுமில்ல? அலைச்சலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்த ஆபீசுல நமக்கு ஆளு இருக்குது. கெம்பையன்னு, தங்கமான மனுசன்."

பெண்ணின் தகப்பனார் மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த வளையலை ஒரு சுற்றுச் சுற்றினாள். விஜய்குமார் தன் செருப்பு வாசலில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தான். டம்ளரில் சாய்ந்திருந்த போனிலிருந்து வினிதாவின் குரல் வந்தது.

"அப்பா, நீங்க சொன்னது காதுல சரியா விழலைங்க. இன்னொரு தரம் சொல்லுங்க."

நஞ்சுண்டசாமி போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, இன்னும் உரக்கச் சொன்னார்.